ஓதம் ஏறாத தரை: பாலிதீன் ஷீட்டின் ஒட்டுகளை அடைப்பது எப்படி

ஐப்பசியில் அடைமழை பிடித்து நாலு நாள் ஆனால் போதும், டெல்டாவில் பல வீடுகளின் தரை நசநசக்கத் தொடங்கிவிடும். பாய் விரித்துப் படுத்து எழுந்தால் பாயின் அடிப்பக்கம் ஈரம். தரையோடு வைத்த நெல் மூட்டையின் அடியில் பூஞ்சை. பீரோவை நகர்த்தினால் கறுப்புப் புள்ளிகள். இதைத்தான் நாம் ஓதம் என்கிறோம். பத்தாயத்துக்குக் கால் வைத்தவர்களும், வாசலில் நாலைந்து படி ஏறித்தான் உள்ளே போகும்படி வீட்டை உயர்த்திக் கட்டியவர்களும் இந்த ஓதத்தை நன்றாகத் தெரிந்தவர்கள்.

இப்போது புது வீடு கட்டுகிறவர்கள் பலரும் தரைக் காங்கிரீட்டுக்கு அடியில் கறுப்பு பாலிதீன் ஷீட் விரிக்கிறார்கள். நல்ல வழக்கம். ஆனால் பெரும்பாலான இடங்களில் ஒரு ஷீட்டின் மேல் இன்னொன்றைச் சும்மா அரை அடி ஏற்றிப் போட்டுவிட்டு, அப்படியே காங்கிரீட்டைக் கொட்டிவிடுகிறார்கள். ஒட்டுவதில்லை. திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக் கூடத்திலும் அப்படித்தான் செய்தோம். "டேப்பெல்லாம் எதுக்குங்க, மேல காங்கிரீட் வெயிட்டு அமுக்கிக்கும்ல" என்றார் கொத்தனார். அது சரியாகத்தான் படுகிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

இரண்டாவது வருஷம் கார்த்திகையில், கூடத்தின் குறுக்கே ஒரு சாண் அகலத்துக்குக் கோடு போட்டதுபோல் டைல்ஸ் இடுக்குகள் கறுத்தன. மழை விட்டதும் அதே இடத்தில் வெள்ளையாக உப்புப் பூத்தது. தை மாதம் தட்டிப் பார்த்தால் இரண்டு டைல்ஸ் பொத்தென்று சத்தம் கொடுத்தன. அவற்றையும் அடியிலிருந்த காங்கிரீட்டையும் உடைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. இரண்டு ஷீட்டுக்கும் நடுவே சிமெண்டுப் பாலும் மண்ணும் புகுந்து ஒரு மெல்லிய படலமாக உறைந்திருந்தது. அது கீழே இருக்கும் ஈரத்தை விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் மேலே இழுத்துக்கொண்டிருந்தது. ஷீட் நன்றாகவே இருந்தது. கிழிசல், ஓட்டை எதுவும் இல்லை. ஒட்டு மட்டும்தான் விட்டிருந்தது.

அதன் பிறகு பின்கட்டு அறைக்குத் தரை போட்டபோது ஒவ்வொரு ஒட்டையும் கூட இருந்து ஒட்டினேன். அந்த அனுபவத்தை வைத்துத்தான், முதல்முறை இதைச் செய்யப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

அமெரிக்காவில் பல வீடுகளில் தரைக்கும் மண்ணுக்கும் நடுவே ஆள் ஊர்ந்து போகும் அளவுக்கு இடம் விட்டுக் கட்டுவார்கள். அந்த இடத்தைக் காற்றுப் புகாமல் மூடுவதாக இருந்தால், மண்மேல் ஷீட் விரித்து, ஒட்டுகளை 6 அங்குலம் ஏற்றி, டேப் போட்டு அடைத்து, ஓரத்தைச் சுவரில் 6 அங்குலமாவது ஏற்ற வேண்டும் என்று அங்கே கட்டட விதி இருக்கிறது. அங்கே ஒட்டு விட்டுப்போனால் உள்ளே ஊர்ந்து போய் மறுபடி ஒட்டிவிடலாம். நம் வீடுகளில் ஷீட் காங்கிரீட்டுக்கு அடியில் போய்விடுகிறது. நமக்குக் கிடைப்பது ஒரே ஒரு வாய்ப்பு. அதனால் அவர்களைவிட நாம்தான் இதில் அதிகக் கவனமாக இருக்க வேண்டும்.

முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

ஏற்கெனவே தரை இருக்கிற வீட்டில் ஓதம் என்றால், உடனே உடைக்க வேண்டாம். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி தெளிவான பிளாஸ்டிக் துண்டை வெறும் காங்கிரீட் தரையில் வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விடுங்கள். அடிப்பக்கம் நீர் முத்து கட்டினாலோ, அடியிலுள்ள காங்கிரீட் கறுத்திருந்தாலோ ஈரம் மண்ணிலிருந்து வருகிறது. மேல்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் அது காற்றில் உள்ள ஈரம் குளிர்ந்த தரையில் படிவது. அதற்கு ஜன்னலும் மின்விசிறியும் போதும். இந்தச் சோதனையைக் கோடையில் செய்தால் எதுவும் தெரியாது. மழைக்காலத்தில் செய்யுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இந்த ஷீட் தரை வழியாக ஏறும் ஓதத்தைத்தான் தடுக்கும். வெள்ளம் வந்து, வீட்டின் உயர்த்திக் கட்டிய அடிக்கட்டான பேஸ்மட்டத்துக்கு மேல் தண்ணீர் நின்றால் எந்த ஷீட்டும் தாங்காது. வீடு கட்டும் மனையில் இதற்கு முன் தண்ணீர் எதுவரை நின்றது என்று அக்கம்பக்கத்துப் பெரியவர்களிடம் கேட்டு, அதற்கு மேலே பேஸ்மட்டத்தை உயர்த்துவதுதான் முதல் வேலை. அதேபோல் சுவர் வழியாக ஏறும் ஈரத்துக்குப் பேஸ்மட்டத்தில் தனியாகத் தடுப்புப் பூச்சு வேண்டும். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் நிலத்தடி நீரே உப்பு. அந்தத் தண்ணீரில் கலவை போட்டுக் கட்டிய சுவரில் உப்புப் பொரிவதற்குத் தரை ஷீட்டைக் குறை சொல்லிப் பயனில்லை.

வேலைக்கு ஏற்ற காலம் சித்திரை, வைகாசி. மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ஆம் தேதி திறப்பார்கள். தண்ணீர் கல்லணைக்கு வந்து, வெண்ணாறு, வெட்டாறு என்று பிரிந்து நம் வாய்க்காலுக்கு வந்துவிட்டால், அப்புறம் வயலை ஒட்டிய மனைகளில் மண் காயவே காயாது. ஈரமான ஷீட்டில் டேப் பிடிக்காது என்பதால் காலத்தைப் பார்த்து இறங்குவது முக்கியம்.

ஷீட் வாங்கும்போது

கடையில் "கறுப்பு பாலிதீன், 1000 கேஜ்" என்று கேளுங்கள். 1000 கேஜ் என்றால் 250 மைக்ரான் தடிமன். 600 கேஜ் ஷீட் 150 மைக்ரான். அதுவும் ஈரத்தைத் தடுக்கும், ஆனால் ஜல்லியும் மண்வெட்டியும் படும் இடத்தில் சீக்கிரம் கிழியும். விலை வித்தியாசத்தைப் பார்த்து இதில் இறங்க வேண்டாம் என்பது என் கருத்து.

பெரும்பாலும் கிலோ கணக்கில்தான் விற்பார்கள். அதையே நமக்குச் சாதகமாக வைத்துக்கொள்ளலாம். உண்மையான 250 மைக்ரான் ஷீட் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 230 கிராம் இருக்கும். அதாவது பத்தடிக்குப் பத்தடி துண்டு 2 கிலோ 100 கிராம் சுமார். அதே அளவு 1 கிலோ 300 கிராம்தான் வருகிறது என்றால் அது 150 மைக்ரான் சரக்கு. எடையோடு கண்ணையும் பயன்படுத்துங்கள். ஒரு முழத் துண்டை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் ஊசிப்புள்ளியாக வெளிச்சம் தெரியக் கூடாது. மறுசுழற்சிச் சரக்கில் அது தெரியும். தொட்டால் சொரசொரப்பும் இருக்கும்.

கஜா புயலுக்குப் பிறகு நம் பக்கத்தில் பல வீட்டுப் பரணில் தார்ப்பாய் சுருண்டு கிடக்கிறது. அதை எடுத்துத் தரைக்கடியில் போடலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். தார்ப்பாய் என்பது நெய்த துணி மாதிரி. மேலே உள்ள மெல்லிய பூச்சு மடிப்பில் வெடித்திருக்கும். உரச் சாக்கின் உள்பையைப் பிரித்து ஒட்டிப் போடுவதும் வேண்டாம். ஒரு அறைக்குள் எத்தனை ஒட்டு வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒட்டுகளைக் குறைப்பதுதான் ஒட்டுவதைவிட நல்ல வேலை. அதற்கு வாங்கும் முன்பே தாளில் கணக்குப் போட வேண்டும். உதாரணமாக, கூடம் 14 அடிக்கு 20 அடி. சுவரோரம் ஒவ்வொரு பக்கமும் ஒரு அடி மேலே ஏற்ற வேண்டும், ஆகத் தேவை 16-க்கு 22. ஷீட் அகலம் 12 அடி என்று வைத்துக்கொள்வோம். குறுக்காக விரித்தால் 16 அடி நீளத்தில் இரண்டு துண்டு. நடுவே ஒரு அடி ஏற்றினாலும் 23 அடி கிடைக்கும். ஒரே ஒட்டு, 16 அடி நீளம், ஷீட் சுமார் 8 கிலோ. நெடுக்காக விரித்தால் அதே இரண்டு துண்டுதான், ஆனால் ஒட்டு 22 அடி, ஷீட்டும் வீண்.

டேப்: இங்கேதான் தவறு நடக்கும்

பாலிதீனில் எதுவும் சுலபமாக ஒட்டாது. மரப்பசை ஒட்டாது, சிலிக்கான் காய்ந்ததும் உரிந்து வரும். அட்டைப்பெட்டி ஒட்டும் பழுப்பு டேப் அன்றைக்கு நன்றாகப் பிடித்ததுபோல் இருக்கும். ஈரம் பட்டதும் விட்டுவிடும். துணி டேப்பும் மண்ணுக்கடியில் நாள்பட நிற்காது. இதற்கென்று உள்ளது பியூட்டைல் டேப். ரப்பர் மாதிரி, தார் மாதிரி கறுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருக்கும், இறுகிப்போகாமல் பிசுபிசுப்பாகவே இருக்கும். கூரை ஒழுகலுக்கு வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். இரண்டு வகை வாங்குங்கள்: இருபக்கமும் ஒட்டும் இரண்டு அங்குல டேப், ஷீட்டுகளுக்கு நடுவே வைக்க, ஒருபக்கம் ஒட்டும் மூன்று அல்லது நான்கு அங்குல டேப், மேலே போட.

எந்த டேப்பை வாங்கினாலும் வீட்டில் ஒரு சோதனை செய்துவிடுங்கள். அதே ஷீட்டின் இரண்டு துண்டை ஒட்டி, ஒரு ராத்திரி முழுக்க வாளித் தண்ணீரில் போட்டு வையுங்கள். காலையில் இழுத்தால் டேப் விடக் கூடாது, ஷீட்தான் நீள வேண்டும். பக்கத்திலேயே பழுப்பு டேப்பையும் ஒட்டிப் போட்டுப் பார்த்தால் கொத்தனாரிடம் வாதாட வேண்டியதே இல்லை.

அடித்தளம்

பேஸ்மட்டத்துக்குள் வயல் களிமண்ணைக் கொட்டி நிரப்பாதீர்கள். நம் களி ஈரத்தில் உப்பும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். அதோடு சேர்ந்து ஷீட்டும் ஏறி இறங்கும். கிராவலோ மணலோ அரை அடி அரை அடியாகப் போட்டு, தண்ணீர் விட்டு, திமிசு போட்டு இறுக்குங்கள். கரையான் மருந்து தெளிப்பதானால் ஷீட்டுக்கு முன்பே, கிணற்றுப் பக்கம் போகாமல் தெளித்து, காயவிட வேண்டும்.

கடைசியாக, மேலே இரண்டு அங்குலம் நைசான மணல். கல்லை உடைத்துச் செய்யும் எம் சாண்ட் முனை கூர்மையாக இருக்கும். பூச்சு வேலைக்குச் சலித்த நைஸ் மணல் நல்லது. மட்டப்பலகையால் இழுத்தபின் வெறுங்காலோடு ஒருமுறை முழுக்க நடந்து பாருங்கள். காலில் குத்துவது ஷீட்டையும் குத்தும்.

ஒட்டும் முறை

ஷீட்டை விரித்து ஒரு மணி நேரம் அப்படியே விடுங்கள். சுருளிலிருந்து வந்த மடிப்பு தளரட்டும். இழுத்துக் கட்டாமல், சற்றுத் தொய்வாக விரியுங்கள். வெயிலில் நீண்ட ஷீட் இரவில் சுருங்கும்போது ஒட்டை இழுக்கும். கூரை போட்ட பிறகு இந்த வேலையைச் செய்தால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

எந்த ஷீட் மேலே வர வேண்டும் என்பதைக் காங்கிரீட் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். கொட்டத் தொடங்கும் பக்கத்து ஷீட் மேலே, அடுத்தது கீழே. கூரையில் ஓடு வேய்வது மாதிரிதான். காங்கிரீட் விளிம்பைத் தாண்டி வழிந்து போக வேண்டும், விளிம்புக்குள் நுழையக் கூடாது.

ஒரு ஷீட்டின் மேல் இன்னொன்று ஏறும் ஏற்றம் ஒரு அடி வையுங்கள். 6 அங்குலம் போதும்தான், ஆனால் ஆட்கள் நடக்கும்போது ஷீட் நகரும். ஒரு அடி வைத்தால் மனசு நிம்மதி. கீழ் ஷீட்டில் விளிம்பு எங்கே வருகிறது என்று சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

இனி முக்கியமான வேலை. மேல் ஷீட்டை மடக்கி விட்டு, இரண்டின் ஒட்டும் பரப்பையும் உலர்ந்த துணியால் துடைத்து, மருந்துக்கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு மறுபடி துடையுங்கள். புது ஷீட்டிலும் கண்ணுக்குத் தெரியாத வழுவழுப்பும் தூசியும் இருக்கும். ஸ்பிரிட் நெருப்புப் பிடிக்கும் பொருள். அந்தப் பக்கம் யாரும் பீடி பற்றவைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே மூச்சில் முழு நீளமும் துடைத்து வைக்காமல், நாலடி துடைத்து நாலடி ஒட்டுங்கள். இல்லையென்றால் மறுபடி தூசி படிந்துவிடும்.

மணல்மேல் கிடக்கும் ஷீட்டை அழுத்தினால் மணல் உள்வாங்குமே தவிர டேப்புக்கு அழுத்தம் கிடைக்காது. இதைத்தான் முதல்முறை செய்கிறவர்கள் விட்டுவிடுகிறார்கள். நாலடி நீளத்தில் வழவழப்பான ஒரு பலகையின் நுனியில் கயிறு கட்டி, கீழ் ஷீட்டுக்கு அடியில், ஒட்டு வரும் கோட்டில் தள்ளி வையுங்கள். பலகைமேல் வரும் நாலடியை ஒட்டி அழுத்தி முடித்ததும், கயிற்றைப் பிடித்துப் பலகையை அடுத்த நாலடிக்கு இழுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் சுவரோரத்தில் பலகை வெளியே வந்துவிடும்.

இருபக்க டேப்பை மேல் ஷீட்டின் விளிம்பிலிருந்து இரண்டு அங்குலம் உள்ளே வரும்படி கீழ் ஷீட்டில் ஒட்டி, காகிதத்தை உரித்துக்கொண்டே மேல் ஷீட்டை இறக்குங்கள். நடுவிலிருந்து இருபுறமும் கையால் நீவி, பிறகு பூரிக்கட்டையால் நன்றாக அழுத்தி உருட்டுங்கள். பியூட்டைல் அழுத்தத்தில்தான் பிடிக்கும். மேல் ஷீட்டில் சுருக்கம் விழுந்து டேப்பின் குறுக்கே ஒரு குழாய் மாதிரி நின்றால், அதுதான் ஈரம் ஏறும் வழி. அந்த இடத்தைப் பிரித்துச் சமன் செய்து மறுபடி ஒட்டுங்கள். சுருக்கத்தின்மேல் இன்னொரு டேப் போட்டு மறைப்பது வேலைக்கு ஆகாது. அப்புறம் விளிம்பின்மேல், பாதி மேல் ஷீட்டிலும் பாதி கீழ் ஷீட்டிலும் படும்படி ஒருபக்க டேப்பைப் போட்டு மறுபடி உருட்டுங்கள். ஆக உள்ளே ஒரு அடைப்பு, வெளியே ஒரு அடைப்பு.

கடைமடைப் பக்கம் இறால் குட்டைகளில் ஷீட் போடும் ஆட்கள் சூட்டு இயந்திரத்தால் ஒட்டை உருக்கி ஒட்டுவார்கள். பெரிய குடோன் தரை என்றால் அவர்களைக் கூப்பிடலாம். ஒரு வீட்டுக்கு டேப்பே போதும்.

மூலையும் குழாயும்

சுவரோரம் ஷீட்டை மேலே ஏற்றி, பேஸ்மட்டத் தடுப்புப் பூச்சுக்கு மேல் வரை கொண்டுபோக வேண்டும். ஷீட் படும் இடத்தில் செங்கல் மேடுபள்ளமாக இல்லாமல் பூசிக் காயவைத்திருந்தால்தான் டேப் பிடிக்கும். தூசியைத் தட்டி, டேப்புக்குரிய பிரைமர் ஒரு கை பூசிவிட்டு ஒட்டுங்கள். மிச்சத்தைத் தரை வேலை முடிந்தபின் ஸ்கர்ட்டிங் (சுவரடியில் ஒட்டும் டைல்ஸ் பட்டை) மட்டத்தில் வெட்டிக்கொள்ளலாம். மூலையில் ஷீட்டை வெட்டாதீர்கள். மளிகைக் கடையில் பொட்டலம் மடிக்கிற மாதிரி உள்ளே மடித்து, மடிப்பைச் சுவரோடு ஒட்டுங்கள்.

கழிவுநீர்க் குழாய் தரையைத் துளைத்து வரும் இடம் ஒட்டைவிட ஆபத்தானது. பெரிய ஷீட்டில் குழாய்க்கு ஏற்ப வெட்டி இறக்கியபின், இரண்டு அடிச் சதுரத்தில் ஒரு தனித் துண்டு எடுத்து, நடுவில் குழாயின் முக்கால் அளவுக்கு மட்டும் ஓட்டை போடுங்கள். அதை இழுத்துக் குழாயில் மாட்டினால் சட்டைக் கழுத்துப் பட்டி மாதிரி இறுக்கமாக மேலே நிற்கும். அந்தப் பட்டியைச் சுற்றி டேப், சதுரத்தின் நாலு ஓரத்துக்கும் டேப்.

எங்கேயாவது கிழிந்தால், கிழிசலுக்கு எல்லாப் பக்கமும் 6 அங்குலம் தாண்டும்படி அதே ஷீட்டில் துண்டு வெட்டி ஒட்டுங்கள்.

காங்கிரீட் போடும் நாள்

நல்ல ஒட்டுகள் பாழாவது பெரும்பாலும் இந்த ஒரு நாளில்தான். வண்டி உருளும் இடமெல்லாம் பலகை போடுங்கள். கம்பி வலை வைப்பதாக இருந்தால் உடைந்த ஜல்லியை முட்டுக் கொடுக்காமல் தட்டையான கவர் பிளாக் (கம்பியைத் தூக்கி நிறுத்தும் சிறு கட்டை) வையுங்கள். மண்வெட்டி நுனி ஷீட்டைத் தொடாமல் இழுக்கும்படி ஆட்களிடம் காலையிலேயே சொல்லிவிடுங்கள். டேப், கத்தி, துணி, வெட்டி வைத்த துண்டுகளோடு ஒரு ஆள் வேறு வேலை எதுவும் பார்க்காமல் நிற்க வேண்டும். எங்கள் பின்கட்டில் நான்தான் நின்றேன். மூன்று கிழிசல் அடைத்தேன். கொட்டுவதற்கு முன் எல்லா ஒட்டுகளையும் செல்போனில் படம் எடுத்து, சுவரிலிருந்து எத்தனை அடி என்று குறித்துவைத்தால் பின்னால் உதவும்.

ஷீட் இருப்பதால் கலவைத் தண்ணீர் கீழே இறங்காது, மேலேதான் வரும். அதனால் கலவையைத் தளதளவென்று விடாமல் கெட்டியாகப் போடச் சொல்லுங்கள். மேலே ஊறிய நீர் வற்றும்வரை மட்டக்கரண்டி போட அவசரப்படக் கூடாது. காங்கிரீட் இறுக அதற்குத் தண்ணீர் விட்டு நனைப்பது முடிந்த பின்னும் தரை மேல்பக்கமாக மட்டுமே காயும், அதனால் நாளாகும். டைல்ஸ் ஒட்டும் முன், முதலில் சொன்ன ஒன்றரை அடி பிளாஸ்டிக் சோதனையை இந்தப் புதுத் தரையிலும் செய்யுங்கள். அடியில் முத்து கட்டினால் இன்னும் இரண்டு வாரம் பொறுத்து மறுபடி பாருங்கள்.